சிங்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டிஸ்போசர் வாங்குங்கள்

சிங்குக்கு அடியில் மாட்டி, உணவுக் கழிவை அரைத்துத் தண்ணீரோடு குழாயில் அனுப்பும் மெஷின்தான் டிஸ்போசர். அது வரும் அட்டைப்பெட்டியில் இருப்பதிலேயே பெரிய எழுத்து ஹெச்.பி. எண்தான், அதாவது மோட்டாரின் குதிரைத்திறன். விற்கிறவர் அதைச் சொல்லி விற்கிறார், வாங்குகிறவர் அதைக் கேட்டு வாங்குகிறார். அரையா, முக்காலா, ஒன்றா என்று பல நாள் யோசித்து எடுத்து வந்த மெஷினை மாட்டிய பிறகு சிங்கில் தண்ணீர் தேங்கினால், பழி மோட்டார் மேல் விழும். ஆனால் கோளாறு பெரும்பாலும் மெஷினிலிருந்து சுவர் வரை போகிற அந்த ஒரு முழக் குழாயில் இருக்கும். அதனால் எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு டார்ச்சும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு சிங்குக்குக் கீழே குனியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது சுவரில் குழாய் நுழையும் உயரம். சாதாரண சிங்கில் வடிகட்டிக்கு நேர் கீழே டிராப், அதாவது கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் குழாய்ப் பகுதி, தொடங்கிவிடும். டிஸ்போசர் மாட்டினால் தண்ணீர் வெளியேறும் வாய் பல செ.மீ. கீழே இறங்கிவிடும், அதுவும் பக்கவாட்டில். சிங்கின் அடிப்பகுதியிலிருந்து அந்த வாயின் நடுப்பகுதி வரை எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு மாடலின் அளவுத் தாளிலும் போட்டிருப்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மேடையின் மேல்மட்டத்திலிருந்து சிங்க் தொட்டியின் ஆழம் 23 செ.மீ., அளவுத் தாளில் உள்ள தூரம் 17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 40. சுவரில் குழாயின் நடுப்பகுதி மேடையிலிருந்து குறைந்தது 43, 45 செ.மீ.யாவது கீழே இருந்தால் வேலை நடக்கும். அது 35 செ.மீ.யிலேயே இருந்தால், அரைபடும் அறைக்குள் எப்போதும் 5 செ.மீ. அளவுக்கு அழுக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். நாற்றம், துரு, சீக்கிரமே அடிப்பக்க சீல் போவது எல்லாம் அங்கிருந்து வருபவை. சுவர்க் குழாயைக் கீழே இறக்கிப் போடுவது, அல்லது ஆழம் குறைந்த சிங்க் வைப்பது, இந்த இரண்டைத் தவிர அதற்கு மருந்து கிடையாது. பழைய சிங்கை எடுத்துவிட்டு ஆழமான சிங்க் போட்ட வீடுகளில் இந்தச் சிக்கல் சகஜம்.

அடுத்தது டிராப். வளைந்த பி-டிராப் இருந்தால் நல்லது. குப்பி வடிவப் பாட்டில் டிராப் இருந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். உள்ளே தண்ணீர் திசை திரும்பும் இடத்தில் அரைந்த துகள் படிந்து, கொஞ்ச நாளில் பாட்டில் முழுக்கச் சேறாகிவிடும். மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் பிளாஸ்டிக் ஹோஸும் ஆகாது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு சின்னக் குப்பைத் தொட்டி. உட்புறம் வழுவழுப்பான 40 மி.மீ. குழாய், மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு, முடிந்தவரை குறைந்த எண்ணிக்கையில் எல்போ எனும் வளைவு இணைப்பு. சரிவு அதைவிடக் குறைந்தால் துகள் தங்கும். ஒரே வழியில் இரண்டு டிராப் வைக்கிற தவறையும் பார்க்கலாம். சிங்குக்குக் கீழே ஒன்று, வெளியே போகும் குழாயில் இன்னொன்று என்று வைத்தால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு தண்ணீர் ஆமை வேகத்தில் இறங்கும்.

இரட்டைத் தொட்டி சிங்காக இருந்தால், ஒரு தொட்டியில் டிஸ்போசர் ஓடும்போது பக்கத்துத் தொட்டியில் அழுக்குத் தண்ணீர் பொங்கி வருவதைப் பலர் மெஷினின் குறை என்று நினைக்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் T வடிவக் குழாய் இணைப்பான டீ-யில் உள்ளே ஒரு தடுப்பு இருக்க வேண்டும். தள்ளப்படும் தண்ணீரைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுவது அதுதான். தடுப்பில்லாத வெறும் டீ போட்டால் பொங்கத்தான் செய்யும்.

சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மெஷின் கழிவை இல்லாமல் ஆக்குவதில்லை, உங்கள் வாளியிலிருந்து வேறு யாரோ பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் ஊருக்கு ஊர் சட்டம் வேறுபடுகிறது. நியூயார்க் நகரத்தின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போவதால், அங்கே வீடுகளில் இதைப் பொருத்த 1997 வரை தடை இருந்தது. அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரே செங்குத்துக் குழாயில் பத்து வீட்டுச் சமையலறை சேர்கிறது. நீங்கள் அரைத்து அனுப்புவது கீழ்வீட்டு சிங்கில் எட்டிப் பார்க்கக்கூடும். குடியிருப்போர் சங்கத்தைக் கேட்காமல் மாட்டாதீர்கள்.

செப்டிக் டேங்க் உள்ள வீட்டுக்கு என் சிபாரிசு, பொதுவாக, வேண்டாம் என்பதே. டேங்கில் கனமானது அடியில் சேறாகவும் எண்ணெய்ப் பசை மேலே ஆடையாகவும் பிரிகிறது. நடுவிலுள்ள தெளிந்த நீர் மட்டும்தான் மண்ணுக்குள் போக வேண்டும். அரைத்த உணவுத் துகள் அடிச்சேற்றையும் மேலாடையையும் ஒருசேர வளர்க்கும். நடுவில் தெளிநீருக்கு இடம் சுருங்கினால் துகள் வெளியேறி, உறிஞ்சும் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அடைந்த மண்ணைச் சுத்தம் செய்ய வழியில்லை, தோண்டித்தான் மாற்ற வேண்டும். அப்படியும் மாட்டுவதென்றால் டேங்க் பெரியதாக இருக்க வேண்டும், சேறு அள்ளும் இடைவெளியையும் குறைத்துக்கொள்ள வேண்டும். நுண்ணுயிர்க் கரைசல் சொட்டும் குப்பியோடு வரும் மாடல்கள் உண்டு. அந்தக் குப்பியை நம்பிச் சேறு அள்ளுவதைத் தள்ளிப்போட வேண்டாம். தோட்டமும் உரக்குழியும் இருக்கிற வீட்டுக்கு இந்த மெஷினே தேவையா என்பது தனிக் கேள்வி. என்னைக் கேட்டால், தேவையில்லை.

குழாய் சரி என்றால் இப்போது மெஷினுக்கு வரலாம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் ஊரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜான் ஹேம்ஸ் 1927இல் இதை உருவாக்கினார். 1935இல் காப்புரிமை கிடைத்தது. அடிப்படை இன்றும் அதேதான். உள்ளே மிக்ஸி ஜாடியைப் போல பிளேடு இருக்கும் என்று நினைத்தால் தவறு. ஒரு வட்டத் தட்டு சுழலும். அதன் மேல் ஆடக்கூடிய இரண்டு உலோகக் கட்டைகள். தட்டு சுற்றும் வேகத்தில் உணவு வெளிப்பக்கம் வீசப்பட்டு, சுற்றிலும் அசையாமல் நிற்கும் பல்வளையத்தில் உரசும். துருவியில் காரட்டைத் தேய்ப்பதுபோலத்தான். துகள் போதிய அளவு சிறிதானதும் தண்ணீரோடு வளையத்தின் இடுக்கில் இறங்கி வெளியேறும். இது புரிந்தால் பாதிக் கேள்விகளுக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும். ஐஸ் கட்டி போட்டால் பிளேடு கூராகுமா? கூராக்கப் பிளேடே இல்லை. ஐஸ் உள்சுவரில் ஒட்டியிருக்கும் பிசுக்கைச் சுரண்டும், அவ்வளவுதான். நார் ஏன் ஆகாது? நார் உரசலில் பொடியாகாமல் கட்டையைச் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் ஏன் கூடவே ஓட வேண்டும்? துகளை இடுக்கு வழியே இழுத்துப்போக வேறு எதுவும் கிடையாது.

மோட்டாரில் இரண்டு வகை. தூண்டல் மோட்டார் ஒன்று, நிரந்தரக் காந்த மோட்டார் இன்னொன்று. தூண்டல் மோட்டார் கனமானது, மெதுவாகச் சுற்றும்: 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1,725 சுற்று, 50 ஹெர்ட்ஸில் 1,425 அளவில். சுழலும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் உள்ளே இல்லாததால் தேய்மானம் குறைவு. ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் வலு கம்மி. ஏதாவது இடையில் மாட்டினால் 'உம்ம்' என்று முனகிக்கொண்டு நின்றுவிடும். காந்த மோட்டார் 2,600 சுற்றுக்கு மேல் போகும், எடை குறைவு, கிளம்பும்போதே முழு வலுவும் கிடைப்பதால் மாட்டிக்கொள்வது குறைவு. குறை என்னவென்றால், சத்தத்தின் சுருதி கொஞ்சம் உயர்ந்திருக்கும், பிரஷும் காலப்போக்கில் தேயும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கிற, பத்து வருடம் அசையக்கூடாது என்று நினைக்கிற வீட்டுக்குத் தூண்டல் மோட்டார். சிங்கின் தகடு மெல்லியது, அலமாரியில் இடமும் கம்மி என்றால் காந்த மோட்டார்.

இங்கேதான் ஹெச்.பி. எண்ணின் குட்டு வெளிப்படும். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். மெஷினின் அடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 230 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போவதே அதிகபட்சம் 460 வாட். 460 வாட்டை வாங்கிக்கொண்டு 746 வாட்டைத் தொடர்ந்து வெளியே தரும் மோட்டார் உலகத்தில் இல்லை. பெட்டியில் '1 ஹெச்.பி.' என்று போட்டிருந்தாலும் அது ஒரு நொடி உச்சத்தையோ விற்பனைப் பிரிவின் ஆசையையோதான் குறிக்கிறது. ஒரே வகை மோட்டார் உள்ள இரண்டு மாடலில் எது உண்மையில் வலுவானது என்று தெரிய ஆம்பியரையும் எடையையும் ஒப்பிட்டால் போதும். தேவை எவ்வளவு? மென்மையான மிச்சம் மட்டும் போடுகிற இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு உண்மையான அரை ஹெச்.பி. தாராளம். தினமும் சமைக்கிற பெரிய குடும்பம், சின்ன எலும்பும் போகும் என்றால் முக்கால். அதற்கு மேல் தேவைப்படும் வீடுகள் சொற்பம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மெஷின் என்றால் வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தூண்டல் மோட்டாரை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். கூடவே மின்னோட்டம் ஏறிச் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

ஹெச்.பி.யைவிட நான் அதிகம் பார்ப்பது உள்பாகங்களின் உலோகம். விலை குறைந்த மாடல்களில் சுழல்தட்டும் பல்வளையமும் துத்தநாகம் பூசிய இரும்பு. உப்பும் புளிப்பும் சேர்ந்த ஈரத்தில் பூச்சு போய்த் துருப்பிடிக்கும். அப்போது ஆட வேண்டிய கட்டைகள் இறுகிவிடும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் ஆடினால் மெஷின் முழுக்க அதிரும், அரைப்பதும் மோசமாகும். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்பாகம் உள்ள அரை ஹெச்.பி., இரும்புப் பாகம் உள்ள முக்கால் ஹெச்.பி.யைவிட நல்ல பேரம். 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் வெளிக்கூட்டைக் குறிக்கிறதா, அரைக்கும் பாகங்களைக் குறிக்கிறதா என்று அளவுத் தாளில் தனியாகப் பாருங்கள். அந்த ஒரு சொல்லை வைத்து நன்றாகவே விளையாடுவார்கள். உத்தரவாதக் காலமும் ஒரு நல்ல சாட்சி: உள்ளே என்ன உலோகம் என்று தெரிந்த தயாரிப்பாளர்தான் பத்து வருடம் என்று எழுதித் தருவார்.

போடும் முறையில் இரண்டு உண்டு. சுவிட்ச் போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், போடப் போட அரைக்கும் வகை ஒன்று. இன்னொன்றில் ஒரு நடை கழிவை நிரப்பி, மூடியைப் பொருத்தினால் மட்டுமே மோட்டார் ஓடும். சின்னக் குழந்தைகள் சிங்கை எட்டும் வீட்டுக்கு இந்த மூடி வகைதான் சரி. மோட்டார் ஓடும்போது ஸ்பூன் உள்ளே விழுந்து நசுங்குவதும் இதில் நடக்காது. பொறுமை கொஞ்சம் வேண்டும். பாத்திரம் குவிந்து கிடக்கும் வேளையில் ஒவ்வொரு நடைக்கும் மூடியைத் திறந்து மூடுவது எரிச்சல்தான்.

சுவிட்சுக்குச் சுவரில் இடமில்லை என்றால் காற்றழுத்தப் பொத்தான் இருக்கிறது. மேடையில் ஒரு துளை, அதில் பொத்தான், கீழே மெல்லிய காற்றுக் குழாய், அலமாரிக்குள் ஒரு சுவிட்ச் பெட்டி. ஈரக் கை படும் இடத்தில் மின்சாரமே இல்லை. கீழே எர்த்தோடு கூடிய சாக்கெட் வேண்டும், அதற்கு மேலே கசிவு மின்னோட்டத்தில் டிரிப் ஆகும் பாதுகாப்பும் வேண்டும். டிஷ்வாஷரோடு ஒரே சாக்கெட்டில் இரட்டை பிளக் போட்டுச் செருகாதீர்கள்.

சத்தம் என்று வந்தால், விலை கூடிய மாடலில் நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் மோட்டாரைச் சுற்றியுள்ள நுரை உறைக்கும், சிங்கோடும் குழாயோடும் சேரும் இடத்து ரப்பருக்கும்தான். மெல்லிய சிங்க் தகட்டில் எவ்வளவு அமைதியான மெஷினை மாட்டினாலும் தகடு பறையாகிவிடும். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை மறந்துவிடக் கூடாது: 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 22 கேஜ் 0.8 மி.மீ.க்குள். 22 கேஜ் சிங்கில் பத்துக் கிலோ மெஷினைத் தொங்கவிட்டால் வாய்ப்பகுதி மெல்லக் குழிந்து, சிங்கின் துளையில் உட்காரும் மேல் வளையத்தில் கசிவு தொடங்கும்.

சிங்கின் துளை 3½ அங்குலம், அதாவது 89-90 மி.மீ. இருந்தால் பெரும்பாலான டிஸ்போசர்கள் நேராகப் பொருந்தும். பெரிய துளைக்கு அடாப்டர் வளையம் கேட்டு வாங்க வேண்டும். கல், களிமண் போன்ற தடித்த சிங்குக்கு நீளமான கழுத்து கொண்ட வளையம் தனியாகத் தேவைப்படலாம். மூன்று போல்ட் வைத்து இறுக்கும் அமைப்பு, திருகிப் பூட்டும் அமைப்பு என்று மாட்டும் விதமும் இரண்டு. திருகுவது சுலபம், மூன்று போல்ட் உறுதி. கனமான மெஷினுக்கு நான் போல்ட் பக்கம்.

பொருத்துவதில் எங்கே தவறுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். மேல் வளையத்துக்கு அடியில் வைக்கும் பிளம்பர் புட்டியை விரல் தடிமனுக்குக் கயிறாகத் திரித்து முழுச் சுற்றும் விடாமல் வைக்க வேண்டும். கல் சிங்கில் புட்டியின் எண்ணெய் கறை பிடிக்கும், அங்கே சிலிகான். மூன்று போல்ட்டையும் ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். முதலாவதை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் வளையம் சாய்ந்து ஒரு பக்கம் கசியும். டிஷ்வாஷர் ஹோஸ் இணைப்பதாக இருந்தால், மெஷினைத் தொங்கவிடும் முன்பே அந்தச் சின்னக் குழாய்வாயில் உள்ள பிளாஸ்டிக் அடைப்பை ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் வைத்துத் தட்டி, உள்ளே விழுந்த வில்லையை வெளியே எடுத்துவிட வேண்டும். டிஷ்வாஷர் தண்ணீரை வெளியேற்றவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கடைசியில் காரணம் இந்த வில்லையாகவே இருப்பது இந்தத் தொழிலில் பழைய வேடிக்கை. டிஷ்வாஷர் இல்லையென்றால் அடைப்பைத் தொடவே கூடாது.

எல்லாம் முடிந்ததும் வெறுமனே குழாயைத் திறந்து பார்ப்பது சோதனையாகாது. சிங்கை அடைத்து விளிம்பு வரை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, காய்ந்த காகிதத்தை ஒவ்வொரு இணைப்பிலும் தொட்டுப் பாருங்கள்.

பயன்படுத்தும்போது குளிர்ந்த தண்ணீர், நிமிடத்துக்கு ஆறு லிட்டர் அளவில். முதலில் தண்ணீர், பிறகு சுவிட்ச், பிறகு கழிவு. அரைத்து முடித்தபின் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் இன்னும் கால் நிமிடமாவது ஓட விடவேண்டும். வெந்நீர் கொழுப்பை உருக்கும், உருகிய கொழுப்பு குழாயில் தள்ளிப்போய் ஆறி உறையும். குளிர்ந்த நீரில் அது கட்டியாகவே நொறுங்கிப் போகும். அதற்காகக் கொழுப்பைக் கொட்டலாம் என்று அர்த்தமில்லை. எண்ணெய் எந்த வெப்பநிலையிலும் சிங்குக்கு உரியதல்ல. சோளத்தோகை, வெங்காயத்தோல், வாழைப்பழத்தோல், கீரைத்தண்டு ஆகியவை நார். சோறும் நூடுல்ஸும் கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை, ஒரு பாத்திரம் மிச்சத்தை மொத்தமாகத் தள்ளினால் டிராப்பில் பசையாக நிற்கும். காபித்தூள் மெஷினை ஒன்றும் செய்யாது, குழாயின் அடியில் மணல்போலப் படியும். முட்டை ஓட்டுத் துகளும் அப்படித்தான். அடைப்பு நீக்கும் ரசாயனத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். ரப்பரையும் சீலையும் தின்பதோடு, அடுத்து கையைவிட்டுக் குழாயைக் கழற்றுகிறவருக்கும் ஆபத்து.

நாற்றம் வந்தால் எலுமிச்சைத் தோலைத் தேடும் முன், வாயில் இருக்கும் ரப்பர் தடுப்பின் அடிப்பக்கத்தைப் பழைய பிரஷால் தேய்த்துப் பாருங்கள். நாற்றத்தின் வீடு பெரும்பாலும் அங்கேதான்.

சுவிட்ச் போட்டதும் முனகல் மட்டும் கேட்டு எதுவும் சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றுங்கள், டார்ச் அடித்து இடுக்கியால் மாட்டியதை எடுங்கள். கை உள்ளே போகவே கூடாது. பல தூண்டல் மோட்டார் மாடல்களில் அடியின் நடுவே கால் அங்குல ஆலன் சாவி (அறுகோணக் கம்பிச் சாவி) நுழையும் குழி இருக்கும். முன்னும் பின்னுமாகத் திருகினால் தட்டு விடுபடும். குழி இல்லாத மாடலில் மேலிருந்து ஒரு மரக்கம்பை விட்டுத் தட்டைத் தள்ள வேண்டும். பத்து நிமிடம் ஆறவிட்டு, அடியிலுள்ள சிவப்பு ரீசெட் பொத்தானை அமுக்குங்கள். முனகல்கூட இல்லை, முழு அமைதி என்றால் முதலில் ரீசெட்டையும் சாக்கெட்டையும்தான் பார்க்க வேண்டும். மெஷின் செத்துவிட்டது என்று முடிவு கட்ட அவசரம் வேண்டாம். அந்த ஆலன் சாவியை அலமாரிக் கதவின் உட்புறத்தில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். தேவைப்படும் நாளில் அது வேறெங்கும் கிடைக்காது.

கசிவு என்றால் எங்கிருந்து சொட்டுகிறது என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடும். மேல் வளையத்தில் என்றால் போல்ட்டை இறுக்கவோ புட்டியை மாற்றவோ செய்யலாம். பக்கவாட்டில் என்றால் கேஸ்கட் அல்லது ஹோஸ் கிளாம்ப். அடியில் ரீசெட் பொத்தானைச் சுற்றிச் சொட்டினால் உள்சீல் போய்விட்டது, தண்ணீர் மோட்டாருக்குள் இறங்குகிறது. அதைப் பழுது பார்க்கச் செலவழிக்காதீர்கள், பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியது வாங்குங்கள். அதே தயாரிப்பில் அதே மாட்டும் அமைப்புள்ள மாடலாகப் பார்த்து எடுத்தால் மேல் வளையத்தைத் தொட வேண்டியதில்லை. பழையதைத் திருகி இறக்கிவிட்டுப் புதியதை அதே இடத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் வெளியேறும் வாயின் உயரம் புதிய மாடலில் மாறியிருக்கலாம், அதனால் டேப்பை மறுபடியும் எடுங்கள்.